நூற்றுப் பதினெட்டு

"படபடப்பு ஏதும் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல" என்றாள்.

சொல்லும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. மேசைக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்று கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் கணவர் செல்வின். இப்போதுதான் முதல் முறையாகக் கூட வந்திருக்கிறார். மாத்திரை எப்படி வேலை செய்கிறதென்று இன்னொருவர் வாயாலும் கேட்க வேண்டும், அடுத்த தடவை வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

நாற்பத்தொரு வயதில்தான் அவளுக்கு அந்தப் பெயர் கிடைத்தது. ஏடிஎச்டி. மனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு.

அதுவரை வேறு பெயர்கள் இருந்தன. மறதிக் கழுதை. பொறுப்பில்லாதவள். அம்மா வைத்தது, வாத்தியார் வைத்தது, மாமியார் வைத்தது.

ஊரில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வந்து, இந்தத் தனியார் கிளினிக்கில் நான்கு மாதமாகக் காட்டுகிறாள். மாத்திரையின் அளவை இரண்டு முறை கூட்டியாயிற்று.

"நீங்க சொல்லுங்க சார். வீட்ல எப்படி இருக்காங்க?"

செல்வின் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"இப்ப எவ்வளவோ தேவல டாக்டர். மொதல்ல எல்லாம் நீங்க பாத்திருக்கணும்."

சொல்ல ஆரம்பித்தார். குறையாகச் சொல்லவில்லை. டாக்டருக்கு நோய் புரிய வேண்டுமே என்றுதான் சொன்னார். கேஸ் திறந்தே கிடந்த காலை. பூட்டாமல் போன வீடு. சிநேகிதி கல்யாணத்துக்கு மறுநாள் பட்டுச்சேலையோடு போய் நின்றது.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"பாப்பாவயே ஒருதடவ வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு இவ மட்டும் பஸ் ஏறிட்டா. நாலு வயசு பிள்ள. நாங்குநேரி தாண்டுன பொறவுதான் ஞாபகம் வந்திருக்கு."

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற தாயிடம்கூட. பழக்கடைக்காரியின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்த அன்றுகூட அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு வருடம் மூடியே வைத்திருந்தார்.

இப்போது சொல்லிவிட்டார்.

அவள் சுவரிலிருந்த காலண்டரைப் படித்தாள். என்ன மாதம் என்று மனதில் ஏறவில்லை. மறுபடி படித்தாள்.

"இப்ப அப்படி இல்ல டாக்டர். சொன்னா சொன்ன நேரத்துக்கு நடக்கு. மகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கறதே இவதான். இதே அளவு இருக்கட்டும். கொறச்சிராதீங்க."

அதுதான்.

அதற்காகத்தான் அந்த 'இல்ல'.

மூன்று வாரமாகக் கை நடுங்குகிறது. மதியச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் தலையணைக்குள் யாரோ ஓடுகிறார்கள். சொன்னால் குறைப்பார்கள். குறைத்தால் பழையவள் திரும்பி வருவாள்.

அவளை வீட்டுக்குள் விடுவதைவிட நெஞ்சு அடித்துக்கொண்டே கிடக்கட்டும்.

டாக்டரம்மா அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். இயந்திரம் உறுமியது. இறுக்கியது. விட்டது.

எண்ணைப் பார்த்தார். மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"நாடி நூத்திப் பதினெட்டு. பிரஷரும் ஏறியிருக்கு. எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் செல்வின் முந்திக்கொண்டார்.

"பஸ்ஸ விட்டு எறங்கி ஓடி வந்தோம்லா. அதான் டாக்டர்."

யாரும் ஓடி வரவில்லை. வெளியே பெஞ்சில் ஒன்றேகால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக்குக் கீழேயே கழுத்து வியர்த்திருந்தது.

தெரிந்திருக்கிறது.

கை நடுங்குவது. தட்டில் சோறு அப்படியே கிடப்பது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பழையவளுக்கு அவரும் பயந்திருக்கிறார்.

கோபம் வரும் என்று நினைத்தாள். உடம்புதான் கூசியது. தன்னை நினைத்தா, அவரை நினைத்தா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"ஓடியெல்லாம் வரல டாக்டர்" என்றாள். "மூணு வாரமா இருக்கு."

டாக்டரம்மா இருவரில் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பேனாவை எடுத்தார். பழைய அளவுக்குக் குறைத்தார். இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். மறதி கொஞ்சம் திரும்பக்கூடும், வேறு மருந்தும் இருக்கிறது, மெல்லப் பார்க்கலாம் என்றார்.

சீட்டை நீட்டியபோது செல்வின் கை எழவில்லை. அவளே வாங்கிக்கொண்டாள்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. பஸ் ஏற எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

சாலை கடக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது அவர் வழக்கம். எதையாவது பார்த்துக்கொண்டு நடுவில் நின்றுவிடுவாள். யாராவது பார்த்தால் கணவனும் மனைவியும் கை கோத்துப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

இன்றும் பிடித்தார்.

ஒரு பஸ் போயிற்று. பின்னாலேயே ஒரு லாரி.

சாலை காலியானது.

அவர் நகரவில்லை. பிடியைத் தளர்த்தி, இரண்டு விரலை மணிக்கட்டின் உள்பக்கம் கொண்டுபோனார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாடியைத் தடவித் தேடினார்.

அவள் உள்ளங்கை மேலே தெரியும்படி கையைத் திருப்பினாள்.

அடுத்த பஸ் வந்தது. போயிற்று.