சிவப்புப் பாவாடை

“பாவாடையை மடிச்சு ஊசி குத்திக்க. இல்லேன்னா முதல் மேட்டுலயே குடை மாதிரி விரிஞ்சுடும்” என்றான் கியான். பதினொரு வருடமாக செராய்னாவின் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்ப்பவன்.

“குத்திட்டேன். கறை பட்டா அம்மா என்னைக் கொன்னுடுவா.”

சிவப்புக் கம்பளிப் பாவாடை, பூவேலை செய்த கறுப்புச் சால்வை, வெள்ளை ஏப்ரன். உள்ளே கால்சட்டை, தலையில் ஹெல்மெட். உடையைத் தொட்டுப் பார்த்த நடுவர், “உடம்போட ஒட்டாம இருக்கணும், அதுதான் விதி. இது எங்கேயும் ஒட்டல, போ” என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

நேற்று நடந்திருக்க வேண்டிய போட்டி. மூடுபனி இறங்கியதால் இன்றைக்குத் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

“ரெண்டரைக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமா கியான்?”

“வழக்கம்போல நீ முதல் சுத்துலயே தோத்து வெளிய வந்துட்டேன்னா, பன்னிரண்டுக்கே முடிஞ்சிடும்.”

செராய்னா கையுறையால் அவன் தலையில் ஒன்று போட்டாள். ஆனால் அவன் சொன்னதில் பொய்யில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போயிருந்தது.

இந்த மலைகளில் ஒருத்தி ஊர் உடையில் போட்டிக்கு வந்து நின்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்: கடைசிப் பந்தயம். விடைபெறுகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். பாதி வழியில் வேகத்தைக் குறைத்து, கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டுப் போய்ச் சேருவார்கள்.

மலையேற்றும் லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆஸ்திரியாக்காரி ஃப்ரான்ஸி, வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ஸ்வீடனின் டில்டா, இருபத்தொரு வயதுக்காரி, அழுதேவிட்டாள்.

“சின்ன வயசுல உங்க படத்தைத்தான் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தேன் அக்கா.”

செராய்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கால் இறுதிக்கு அழைப்பு வந்துவிட்டது.

போகிறவள்மேல் மனிதர்களுக்கு எவ்வளவு சுலபமாக அன்பு சுரந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பதினான்கு குளிர்காலங்கள். இரண்டு முழங்காலிலும் தையல். ஐந்து முறை இரண்டாம் இடம்; முதலிடம் ஒருமுறைகூட இல்லை. இரண்டாவதாக வருகிறவளை யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. ஒரே ஒரு முறை, யாருடைய முதுகையும் பார்க்காமல் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். இந்த ஆசையை அவள் கியானிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அது சிறியதாகிவிடும் என்று ஒரு பயம்.

தொடக்கக் கதவு கீழே விழுந்து வழி திறந்தது. நால்வர் ஒன்றாகப் பாய்ந்தார்கள். முதல் இருவருக்குத்தான் அடுத்த சுற்று. முதல் வளைவில் மற்ற மூவரும் உள்பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். பாவாடைக்காரிதானே, கையசைக்கத்தானே வருகிறாள் என்று. செராய்னா கையசைக்கவில்லை. அந்த இடைவெளியில் புகுந்தாள். இரண்டாம் இடம்.

“பன்னிரண்டு ஆச்சு, இன்னும் இங்கேயே நிக்கிறே” என்றான் கியான், மறுபடி மேலே வந்தவளிடம்.

“நீ மெழுகைப் பாரு.”

அரை இறுதியில் யாரும் இடம் விடவில்லை. ஃப்ரான்ஸியின் முழங்கை விலாவில் இடித்தது. அந்த இடி செராய்னாவுக்கு முத்தத்தைவிடப் பிடித்திருந்தது. மறுபடியும் இரண்டாம் இடம். இந்த முறை ஃப்ரான்ஸி மூன்றாவது.

இறுதிச் சுற்று. பக்கத்துத் தொடக்கக் கதவில் டில்டா.

“இதுல நான் பரிசெல்லாம் தரமாட்டேன் அக்கா.”

“நான் கேட்டேனா?”

தொடக்கத்தில் செராய்னா மூன்றாவது. முன்னே போகும் இருவரின் முதுகுக்குப் பின்னால், காற்றுப் படாத இடத்தில் ஒடுங்கிக்கொண்டாள். இரண்டாம் மேட்டில் ஊசி தெறித்தது. பாவாடை படபடவென்று விரிந்தது. கீழே கூட்டம் ஊர் வழக்கப்படி மாட்டுமணிகளை ஆட்டிக் கத்தியது அவளுக்கு வேறு ஏதோ பள்ளத்தாக்கில் கேட்பது போல இருந்தது. மூன்றாம் மேட்டில் மற்றவர்கள் வானத்தில் எழும்பினார்கள். அவள் மட்டும் முழங்காலை மடக்கி மேட்டை விழுங்கி, பனியோடு ஒட்டியே போனாள். எழும்பியவர்கள் இறங்குவதற்குள் ஒருத்தியைத் தாண்டியிருந்தாள். கடைசி வளைவில் டில்டா ஒரு கை அளவு வெளியே போனாள். ஒரு கை அளவு போதும். கோட்டருகே இருவரும் கையை நீட்டினார்கள்.

கோட்டைத் தொட்ட நொடியின் புகைப்படத்துக்காக எல்லோரும் பெரிய திரையைப் பார்த்தார்கள். திரையில், கோட்டின் மேல், செராய்னாவின் விரல் நுனி. அதற்குப் பின்னால்தான் உலகம் முழுவதும்.

அவள் பனியில் மண்டியிட்டு ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கறை பட்டால் படட்டும்.

கோப்பையைக் கையில் கொடுத்ததும் வானொலிக்காரர் ரேத்தோ ஒலிவாங்கியோடு ஓடிவந்தார். “முதல் வெற்றி. அதுவும் கடைசிப் போட்டியில. நாளையிலிருந்து என்ன செய்யப் போறீங்க செராய்னா?”

“நாளைக்கா? காலையில விமானம். அடுத்த சனிக்கிழமை ஸ்வீடன்ல போட்டி இருக்கே.”

மாட்டுமணிகள் நின்றுவிட்டன.

டில்டா முன்னால் வந்தாள். “அப்போ காலையில நான் அழுதது?”

“அதை அடுத்த வாரத்துக்கு வெச்சுக்க, தேவைப்படும்.”

கீழே ஊர்த் தேவாலயத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. செராய்னா கோப்பையை இடுக்கிக்கொண்டு பலகைகளை மாட்டினாள்.

“தள்ளி நில்லுங்க, ரெண்டரைக்கு என் தங்கச்சிக்குக் கல்யாணம், நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்; உடை மாத்த நேரமிருக்காதுன்னுதான் இதை உடுத்திட்டே வந்தேன்.”