டெல்பர்ட்டின் நரை

அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், என் அக்கா வெர்னா, சவப்பெட்டிக் கடை லாய்ட், மேசைமேல் என் அண்ணன் டெல்பர்ட்.

அண்ணன் ரயிலை மறித்துக் கொள்ளையடித்தவர். எங்கள் குடும்பம் அதை மறைத்ததில்லை. இருபத்தேழு வயதில் ஓக்லஹோமாவில் ஷெரீப்பின் ஆட்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். லாய்டின் அப்பா பதப்படுத்தி வைத்த உடலை, உறவினன் என்று பொய் சொல்லி ஒரு பொருட்காட்சிக்காரன் கொண்டுபோனான். முப்பத்துமூன்று வருடம் ஊர் ஊராகக் கூடாரத்தில் நிற்க வைத்துவிட்டு, இப்போதுதான் எங்களிடம் திருப்பித் தந்தார்கள். உயிரோடு இருந்தபோது பக்கத்து ஊருக்கே தெரியாதவரைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

லாய்ட் உடலைக் கழுவினார். பொருட்காட்சிக்காரர்கள் தலையில் பூசியிருந்த கறுப்பு மை கரைந்து ஓடியது. முடி முழுக்க வெள்ளை. கண்ணோரம் சுருக்கங்கள்.

"இது டெல்பர்ட் இல்லம்மா. எங்கப்பா வேலை செஞ்சப்ப நானும் கூட நின்னேன். தலை கருகருன்னு இருந்துச்சு. வேற ஆளை எப்படி உங்கம்மா பக்கத்துல புதைக்கிறது?"

அக்கா உடலின் இடது காதில் இருந்த பழைய தழும்பைத் தொட்டாள்.

"சின்ன வயசுல நான் கடிச்ச காது இது. முப்பத்துமூணு வருஷம் ஆச்சு லாய்ட். டெல்பர்ட்டுக்கு இப்ப அறுபது வயசு. நீ மட்டும் அப்படியேவா இருக்கே?"

லாய்ட் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பிறகு சீப்பை எடுத்து அண்ணனுக்கு வகிடு எடுத்தார்.

அம்மாவின் பக்கத்திலேயே புதைத்தோம்.

யாரோ ஒரு கிழவரை எங்கள் கல்லறையில் வைத்துவிட்டோம் என்று ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் அறுபதில் தலை நரைத்துவிடும்.