கறுத்த போத்தில்

வரிசையாய் வைத்திருந்த சின்னப் போத்தில்களில் ஒன்று மட்டும் கறுத்திருந்தது. அதில் ஒட்டியிருந்த துண்டில் றஜிதாவின் பெயர்.

கனகலிங்கம் குனிந்து வாசித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு திருப்தி. இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர், இந்த ஓகஸ்ட் விடுமுறை முகாமுக்குப் பொறுப்பு அவர். குளத்தடிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னவர். றஜிதா குளத்தடி.

"கறுத்தால் என்ன அர்த்தம், பிள்ளை?"

"மலக்கிருமி இருக்கு எண்டு அர்த்தம், சேர்," என்றாள் கீர்த்திகா. பல்கலைக்கழக வளாகத்தில் விஞ்ஞானம் படிப்பவள். முகாமில் இந்தப் பாடம் அவளுடையது. "எல்லாரும் வீட்டுக் கிணத்துத் தண்ணி கொண்டுவந்து ஊத்தினவை. மருந்தோடை ரெண்டு நாள் வைச்சால் தெரிஞ்சிடும்."

"எனக்கு வைக்காமலே தெரியும்."

நாளை மறுநாள் நிறைவு விழா. கனடாவிலிருந்து விருந்தினர் வருகிறார்கள். மண்டபத்தில் ஒரு பக்கம் வரவேற்பு நடன ஒத்திகை, மறுபக்கம் வாசலில் வாழை கட்டுவது யார் என்று சண்டை. இந்தப் பரிசோதனையை மேடையில் விளக்கப்போவது றஜிதா. ஒரு கிழமையாக, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டு திரிந்தாள்.

கனகலிங்கத்துக்கு அவள் சொல்லவில்லை. அவரிடம் சொல்ல யாருக்கும் இடம் கிடைப்பதில்லை.

முகாமில் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை, தேத்தண்ணியும் தொட்டதில்லை. யார் யார் கை பட்டதோ. வீட்டிலிருந்து கொண்டுவரும் எவர்சில்வர் போத்திலைக் காலைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டுவார். "எங்கடை கிணத்துத் தண்ணி. அயலட்டையிலை உப்பிடி ஒண்டு இல்லை." முந்தாநாள் அதன் மூடி இறுகாமல் மேசை நனைந்து கிடந்தது. அன்று பின்னேரம் மனைவிக்கு நல்ல ஏச்சு.

"றஜிதா, இஞ்சை வா."

வந்தாள்.

"உங்கடை கக்கூசு கிணத்துக்கு எவ்வளவு கிட்ட?"

"சேர், உந்தத் தண்ணி..."

"கேட்டதுக்குப் பதில்."

"எங்களுக்குப் பொதுக் கிணறு, சேர். கக்கூசு தள்ளித்தான்."

"தள்ளியாம்." மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவேண்டிய இடம் என்று விளங்கி, அவர்கள் சிரித்தார்கள்.

"இனி உன்ரை வீட்டை தேத்தண்ணிக்கு வரமாட்டம், றஜி," என்றான் கிறிஸ்ரி.

"எப்ப வந்தனீ?"

கீர்த்திகா குறுக்கிட்டாள். "சேர், கறுத்தது ஒண்டு இருந்தால்தான் பாக்கிற ஆக்களுக்கு விளங்கும். இவள் நல்லாக் கதைப்பாள்."

"வெளிநாட்டிலையிருந்து வாற ஆக்களுக்கு உந்தப் போத்திலையோ காட்டுறது? உதை எடுத்து எறி. மேடைக்கு வேறை ஒராளை விடு. நல்ல வீட்டுப் பிள்ளையாய்ப் பார்."

"அப்ப நான் கதைக்கேலாதோ, சேர்?"

"முதல் கிணத்தைத் துப்பரவாக்குங்கோ. பிறகு வந்து கதை."

றஜிதா கறுத்த போத்திலைப் பார்த்தாள். கீர்த்திகாவைப் பார்த்தாள். "சேர், ஒண்டு சொல்லவோ?"

"என்னத்தைச் சொல்லப்போறாய்? குடிக்கிறது ஊத்தை எண்டு தெரியாமலே குடிச்சு வளந்த ஆக்கள். மனிசர் குடிப்பினமோ உந்தத் தண்ணியை?"

இவ்வளவு கதைத்ததில் அவருக்குத் தொண்டை வறண்டது. எவர்சில்வர் போத்திலைத் திறந்து, உதடு படாமல் அண்ணாந்து, நிதானமாக ஊற்றிக்கொண்டார்.

அவர் குடித்து முடிக்கும்வரை றஜிதா மரியாதையாகக் காத்து நின்றாள்.

"அண்டைக்கு நான் தண்ணி கொண்டுவர மறந்துபோனன், சேர். உது உங்கடை போத்திலிலையிருந்து ஊத்தினது."