வெயில் சாப்பிட்ட இடம்

யாராவது ஏற்கெனவே எழுதிய வரி என்றால் பரீட்சைத் தாள் திருத்தும் எந்திரம் சிவப்பில் அடித்துவிடும். கைடில் இருந்த ஒரே பத்தியை மனப்பாடம் செய்து எல்லாக் கேள்விக்கும் எழுதிய இசக்கிதேவி, போன வருடம் ஆங்கிலத்தில் முட்டை வாங்கினாள். நாளை மறுபடியும் பரீட்சை.

இலக்கணமும் கவிதைகளும் முடிந்துவிட்டன. உயிரற்றதை மனிதராக்கும் பெர்சானிஃபிகேஷனுக்குத்தான் உதாரணம் அகப்படவில்லை. நிலா சிரித்தாலும் சிவப்பு, காற்று பாடினாலும் சிவப்பு. பயிற்சித் திரையில் முப்பது வரிகள் செத்துக் கிடந்தன.

உப்பளத்திலிருந்து வந்த அம்மா பேச்சிக்கனி முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு வெயிலு என் முதுகுல சம்மணம் போட்டு உக்காந்து சோறு தின்னுட்டுல்லா போயிருக்கு."

இசக்கி திரையை அணைத்தாள். மறுநாள் பரீட்சையில் அதையே ஆங்கிலத்தில் எழுதினாள். எந்திரம் நெடுநேரம் தேடியது. பிறகு பச்சையில் ஒரே சொல் வந்தது: புதிது.

அடுத்த நாள் உப்பளத்தில், உப்பு வாரும் பலகையை ஊன்றி, கூட வேலை செய்யும் பெண்களைப் பார்த்து நின்றாள் பேச்சிக்கனி.

"நான் சொன்னத இனிமே உலகத்துல எவனும் எழுத முடியாதாம்," என்றாள். "எழுதுனா முட்டைதானாம்."