கழுத்துச் சாவி

“சாவியைக் குடுங்க மாமா.”

நஞ்சுண்டன் நிமிரவில்லை. கொட்டகையில் பேலர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் குனிந்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அவர் கழுத்துச் சங்கிலியில் டிராக்டர் சாவி ஆடியது.

“வேற என்ன வேணா கேளு அம்மிணி. இத மட்டும் கேக்காதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கறன்?”

போன ஜூலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். யாமினி பல்லைக் கடித்தாள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். கடல் கடந்து வந்து, பிஸ்கட்டவேயில் இன்ஜினியரிங் மேல்படிப்பும் முடித்தாயிற்று. இந்தத் தாய்மாமனுக்கு மட்டும் இன்னும் சின்னப்பிள்ளை. எல்லாருக்கும் எல்லாவற்றையும் இவரே முடிவு பண்ணிவிடுவார்.

அறுத்துக் காயப்போட்ட புல்லை அள்ளி, இடித்து, கட்டாக்கி, கயிற்றால் முடிச்சுப் போட்டு வெளியே தள்ளுகிற இயந்திரம் அந்தப் பேலர்; டிராக்டர் இஞ்சின்தான் அதை ஓட்டும். பேலருக்கு எழுபது வயது. மருந்துக் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நஞ்சுண்டன், யாரோ ஒரு விவசாயியின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்தார். மகன் அகிலனோடு இரண்டு குளிர்காலம் சுரண்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து ஓட வைத்தார்.

போன ஜூலையில், அவர்கள் இருவரோடு யாமினியும் வயலில் இருந்தபோது, கயிறு சிக்கிக்கொண்டது. இஞ்சினை அணைத்துவிட்டு, அதைப் பிய்த்தெடுக்க அகிலன் தலையையும் கையையும் உள்ளே விட்டிருந்தான். அப்போது இஞ்சின் ஓடியது. வலதுகையில் மூன்று விரல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் நஞ்சுண்டன் சொன்னது ஒரே வாக்கியம். “நான்தான் ஸ்டார்ட் பண்ணேன்.” அன்று கழுத்தில் மாட்டிய சாவியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

“இந்தச் சக்கரத்த மெல்லச் சுத்து. முடிச்சு விழுதான்னு பாக்கலாம். மத்தியானம் மழைங்கறான், புல்லு வெளிய கெடக்குது.”

டிராக்டர் அணைந்துதான் இருந்தது. பன்னிரண்டு அடி தள்ளி, முன்னால், அதன் காலி சீட்டு. யாமினி சக்கரத்தைத் தொட்டாள். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

கொஞ்சம்தான் சுற்றியிருப்பாள். கிளிமூக்கு போன்ற கொக்கி வெடுக்கென்று திரும்பிக் கயிற்றைக் கவ்வியது. கத்தி சரக்கென்று வெட்டியது. கையை உதறிக்கொண்டு பின்வாங்கியவள் பலகைச் சுவரில் முட்டினாள்.

“இஞ்சினே ஓடல. என்ன பயம்?”

“முடியாதுங்க மாமா. என்னால முடியாது.”

கொட்டகை வாசலில் அகிலன் வந்து நின்றான். வலதுகை பாக்கெட்டுக்குள் இருந்தது. அப்பாவைப் பார்க்காமல் பேலரைப் பார்த்துப் பேசினான்.

“அம்மா சொல்லிட்டு வரச் சொன்னாங்க. டாலஸ் போறேன். அம்மாவும் வர்றாங்க. ஐ ஆம் நாட் கமிங் பேக்.”

“பாத்து ஓட்டு. மூணு நாள் டிரைவ்.”

“நீங்க எனக்கு சேஃப்டி சொல்றீங்களா?” அகிலன் சிரித்தான். “இன்னும் கனவுல கேக்குதுப்பா. ரைட் இன் மை இயர், ‘எடு!’ன்னு கத்துறீங்க. கைய எடுக்க ஒரு செகண்ட் குடுத்தீங்களா? ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு கேட்டா இன்னிக்கு வரைக்கும் பதிலே இல்ல.”

நஞ்சுண்டன் துணியால் கையைத் துடைத்தார். கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே காரிலிருந்து தனபாக்கியம் அத்தையின் குரல் வந்தது. “அகிலா! வா கண்ணு, வண்டிய எடு, நேரமாச்சு!”

யாமினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அகிலன் திரும்பி நடந்தான். ‘கொஞ்ச நாளைக்குத்தான்’ என்று அத்தை சொல்லியிருந்தாள். ஆனால் மூன்று பெட்டி ஏறியிருந்தது.

“குடுங்க.” யாமினி கையை நீட்டினாள். “இனிமே இது உங்க கழுத்துல தொங்கக் கூடாது.”

“திங்கக்கெழம உனக்கு இன்டர்வியூ. வேலை கெடைக்கலைன்னா விசா போயிரும். ஊர்ல உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீ அதப் பாரு. அவன் போறான், விடு.”

“இதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க! என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவரே தருவார் என்று அவள் காத்திருக்கவில்லை. எட்டிச் சங்கிலியைத் தலைவழியாக உருவினாள். தடுக்க எழுந்த அவர் கை பாதியில் நின்றது.

“வேண்டாம் அம்மிணி.” அவர் குரல் நடுங்கி அவள் கேட்டதேயில்லை.

அவள் வெளியே நடந்தாள். வெயில் கண்ணில் அடித்தது. சரளைக்கல்லை நெரித்துக்கொண்டு கார் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. பொத்திய கைக்குள் சாவியின் பல் குத்தியது. நிற்காமல் போய் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள்.

அகிலன் கண்ணாடியை இறக்கினான். “என்ன யாமினி? எனக்கு லேட்டாகுது.”

அவள் சாவியை அவன் முன்னால் பிடித்தாள்.

“மாமா உன் கையத்தான் எடுக்கச் சொன்னாரு அகில். நான்தான் வண்டிய எடுத்துட்டேன்.”