இரண்டாம் படி நாடு

உடையார்பாளையத்தில் முந்திரி உடைக்கும் கொட்டகை இது, கண்ணுங்களா. தகரத்து ஓட்டைகள் வழியே மத்தியான வெயில் வட்டம் வட்டமாய் விழுந்து கிடக்கிறது. பரிமளா கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைக்கிறாள். பூசாவிட்டால் கொட்டையின் பால் தோலை உரித்துவிடும். அவளுடைய ஒன்பது வயது மகள் முத்தமிழுக்கு வாராவாரம் நடை பழக்க வரும் ஜெயசித்ரா, எதிரே செல்போனில் வந்த கடிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "ஆராய்ச்சி பண்றவங்க நாடுங்களையெல்லாம் மூணு படியாப் பிரிச்சு வெச்சிருக்காங்கக்கா. நம்ம நாடு ரெண்டாவது படிக்கு ஏறிடுச்சாம். மொதப் படியில, ரொம்ப ஏழையா இருக்கற நாட்டுக்குத்தான் உதவின்னு வெளிநாட்டு டிரஸ்ட்டுல எழுதிட்டாங்க. பாப்பாவுக்கு அவங்க குடுத்த வாக்கரைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்றாங்க." "ஏறுனது எனக்குத் தெரியவே இல்லையே டீச்சர்" என்று பரிமளா சிரிக்கிறாள். டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்த கட்டை நிற்கிறது. "அந்தக் கணக்குலேர்ந்து எங்க வூட்ட மட்டும் கழிச்சுக்கச் சொல்லுங்களேன்." "நாட்டத்தான் பாப்பாங்களாம். வூடு வூடாப் பாக்க மாட்டாங்களாம்க்கா." சாம்பல் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் பரிமளா கன்னத்தைத் தோளில் அழுத்திக்கொள்கிறாள்.

வாசலில் முத்தமிழ் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். அதன் அலுமினியக் கால்கள் மண்ணில் கரகரக்கின்றன. வாக்கரை வாங்கிக்கொள்ள ஜெயசித்ரா எழுந்து கையை நீட்டுகிறாள். "புடிக்காதீங்க டீச்சர், இன்னிக்கு நானே உங்ககிட்ட நடந்து வந்து காட்டறேன்" என்கிறது பிள்ளை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் அடி நகர்த்தி ஓர் அடி வைத்து வருகிறது. நீட்டிய கையை என்ன செய்வதென்று ஜெயசித்ராவுக்குத் தெரியவில்லை.