கைவிடாத வண்டி

ஒரகடம் ஃபேக்டரி ஷெட்டில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள் கிளியம்மாள். வண்டியை ஏற்றிப்போக வந்த காயலான் கடை டெம்போ வாசலில் நின்றது.

"இறங்கும்மா. இதைக் கழிச்சாத்தான் புதுசு வாங்க ஹெட் ஆபீஸ் சம்மதிக்கும்" என்றார், போன வாரம் சேர்ந்த அதிகாரி அமலன்.

"புதுசு வாணாம் சார். ஆறு வருசமா இந்த வண்டியை நம்பித்தான் எங்க வூட்ல அடுப்பு எரியுது. ஒரு தபா கூட எங்களைக் கைவுட்டதில்ல."

"உன் புருஷன் ஓட்டுறாரா?"

"அவரு செங்கல் சூளைக்குப் போறாரு."

"அப்போ நீ ஓட்டுறியா?"

"நான் இதுல ஏறினதே இன்னிக்குத்தான்."

அமலனுக்குக் கோபம் வந்தது. "அப்புறம் உனக்கென்ன வந்தது? செக்யூரிட்டியைக் கூப்பிடவா?"

"கூப்புடு சார். எறங்க மாட்டேன்."

இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அமலன் இரண்டடி பின்வாங்கினார்.

"பயப்படாத சார், இது புல்லு அறுக்கிற அருவா. இந்த வண்டி ரிப்பேரானாத்தான் எங்க எட்டு பொம்பளைங்களைக் கூலிக்குக் கூப்புடுவாங்க. வாரம் தவறாம ரிப்பேர் ஆவுது. புதுசை இப்படி நம்ப முடியுமா?"